எல்லாருக்கும் பஸ் இருந்த காலை

இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டு, ஒன்றில் இருக்கும், மற்றதில் இல்லாத வரிகளைப் பிடித்துத் தருவதுதான் நம் பிழைப்பு. கணினியிடம் கேள்வி கேட்கும் கியூரி எழுதிக் கையைச் சுட்டுக்கொண்ட சகபாவிகளே, வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு சமாச்சாரம் வைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். முதலில் ஆபீஸைப் பாருங்கள்.

பேய்க்கு ஒரு சீட்

தம்போய் என்ற ஊரில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். ஓர் அட்டவணையில் ஆட்கள், ஆளுக்கு ஓர் எண். இன்னொன்றில் அந்த எண்ணும் அவரவர் ஏறும் பஸ்ஸும். முதலாவதில் இருக்கும், இரண்டாவதில் இல்லாதவர், மறுநாள் காலை ரோட்டிலேயே நிற்கப் போகிறவர். அவரைக் கண்டுபிடித்து வண்டி போட வேண்டும்.

சீனியர் தேவன் அண்ணனுக்குப் பேய் என்றால் நடுக்கம். அவரைச் சீண்ட பஸ் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்: பெயர் பொந்தியானாக், ஆள் எண் காலி. மலாய்ப் பெண் பேய்க்கு ஏது ஆள் எண்? பார்த்தவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“கண்டதையும் ஏன்டா பஸ்ல ஏத்துற? அழிச்சிரு லா.”

மேனேஜர் குரல்

அழிக்கவில்லை. அன்று சிலருக்கு பஸ் மாறியது. மாலையில், பஸ் அட்டவணையில் இல்லாதவர் யார் என்று கேட்கும் ‘நாட் இன்’ போட்டுக் கியூரியை ஓட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. விடுபட்டவர் யாருமே இல்லை! மேனேஜர் மாதிரி மூக்கால் பேசி என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

காலையில் போன். பிலோமினா அக்கா, தொழிற்சாலையில் இன்னும் நிரந்தரமாகாதவர். பஸ் வரவில்லையாம், இன்னொரு தடவை லேட்டானால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறாராம். சிஸ்டம் பொய் சொல்லுமா? அவசரக்காரர் என்று நினைத்து, அதே மூக்குக் குரலில், எல்லாருக்கும் பஸ் இருக்கிறது, அங்கேயே நில்லுங்கள் என்றேன். தேவன் அண்ணன் வாயைப் பொத்திச் சிரித்தார்.

“சரிங்க சார். டாக்சி கூப்பிட இருந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க, நிக்கிறேன்.”

நனைந்த செருப்பு

மழையில் நனைந்து ஆபீஸுக்கே வந்துவிட்டார். தப்பு பஸ் கம்பெனியுடையது என்று சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் வேண்டுமாம். தேவன் அண்ணன் அட்டவணையைத் திறந்தார். பேய் வரி அங்கேயே இருந்தது.

உங்களுக்குத் தெரியும்: இரண்டாவது அட்டவணையில் ஓர் எண் காலியாக இருந்தாலும் ‘நாட் இன்’ வாயே திறக்காது. அந்தக் காலி இடம் யாருடையதாகவும் இருக்கலாம், அதனால் யாரையும் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அதன் நியாயம். அண்ணன் பேயை அழித்து மறுபடி ஓட்டினார். ஒரே ஒரு வரி வந்தது. பஸ் மாற்றியபோது விடுபட்ட பிலோமினா.

போனில் பேசிய மேனேஜர் சார் நல்ல மனுஷன், பொறுமையாகப் பேசினார், அவரே கையெழுத்துப் போடட்டும் என்றார் அக்கா. மேனேஜர் அன்று ஆயர் ஈத்தாம் என்ற ஊருக்குப் போயிருந்தார். தேவன் அண்ணன் என்னைப் பார்த்தார். பயம் வந்தால் எனக்கு என் குரல் வராது. உட்காருங்கம்மா என்றேன், மூக்கால் வந்தது.

அக்கா உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த சார் நீதானா தம்பி? வா, எங்க சூப்பர்வைசர்கிட்ட வந்து பேசு. உன் குரல்லயே பேசு.”

யாரும் விடுபடவில்லை என்று கணினி சொன்னால், பஸ் ஸ்டாப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மார்தட்டிக்கொள்வது நம் தொழிலுக்கு நல்லது.