பதினேழு பதினேழாகவே இருக்கும்

நாற்பத்தொன்று. உருகுவே நாட்டின் பாய்சாந்தூ நகரக் குடிநீர் நிலையத்தின் கறுப்புத் திரையில் வரும் பட்டியலில் அத்தனை எண்கள். அதில் ஒன்பது எண்களுக்கு எதிரே வெறும் கோடுதான்.

பட்டியலை எழுதியவள் நெல்பா எச்சேவெரி, வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன், நீளமான கட்டளைகளைத் தட்டத் திணறிய பம்பு ஆட்களுக்காக எழுதினாள். எண்ணை அடித்து என்டரைத் தட்டினால் போதும், பின்னால் அவள் எழுதி வைத்த நிரல் துண்டு ஓடும். ஒன்று தொட்டி மட்டத்தைச் சொல்லும், இன்னொன்று வால்வை மூடும். ஒரு வேலை வழக்கொழிந்தால் அதன் எண்ணையும் சேர்த்துப் புதைத்துவிடுவாள். வேறொன்றுக்குத் தரவே மாட்டாள்.

புதிதாக வந்த மேலாளர் ராமிரோ பெந்தன்கூருக்கு அது கண்ணை உறுத்தியது.

“பல்லு போன வாய் மாதிரி இருக்கு, தோன்யா நெல்பா. திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணுலேர்ந்து முப்பத்திரண்டு வரைக்கும் வரிசையா வரணும்.”

“வராது, இஞ்சினியர்.”

“அப்போ இந்த நாற்காலிக்கு வேற ஆள் வரும்.”

“வரட்டும். எண்ணை மாத்தினா மேட்டுத் தெருவுக்குத் தண்ணி போகாது. அதையும் அந்த ஆளையே பாத்துக்கச் சொல்லுங்க.”

அவன் சிரித்தான். நெல்பா வாதாடவில்லை. அவன் கேட்டபடியே வரிசையாக்கிய நகல் ஒன்றைத் தயாரித்தாள். எந்தப் பம்போடும் இணைக்காத வெற்று நகல். பிறகு பம்பு ஆள் மில்டன் சில்வேராவைக் கூப்பிட்டாள். அக்குளில் வெந்நீர்க் குடுவை, இடது கையில் மாத்தே தேநீர்க் குடுக்கையோடு வந்தான்.

“எண்ணெல்லாம் மாறியிருக்கு மில்டன், பாத்து அடிங்க,” என்றான் ராமிரோ. “தொட்டி மட்டம் என்ன?”

“சரி, சரி.” மில்டன் ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டே வலது கையால், பழக்கப்படி, தொட்டி மட்டத்தின் பழைய எண்ணான பதினேழை அடித்தான்.

திரை சொன்னது: மேட்டு வால்வு மூடப்பட்டது.

“தொட்டி எங்க போச்சு?”

“மேட்டுத் தெருவுக்குத் தண்ணிய நிறுத்திட்டேடா,” என்றாள் நெல்பா.

“என் மாமியார் வீடு அங்கதான். இன்னொரு தடவை அடிக்கவா?”

ராமிரோ சிரிக்கவில்லை. “மூடலாமான்னு ஒரு கேள்வி வச்சுடுங்க.”

“அதுக்கும் பாக்காமலே ஆமான்னு அடிப்பான். இவங்களுக்குக் கண்ணு படிக்கல, இஞ்சினியர். விரல்தான் படிக்குது.”

அன்று மாலை உத்தரவு தாளில் வந்தது. நெல்பா அதன் அடியில் ‘மறுக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னாள்.

அவர்கள் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணிப் பேருந்தில் தலைநகர் மொந்தேவிதேயோவுக்குப் போகிறாள். மடிக்கணினியில் அந்த வெற்று நகல் இருக்கிறது. பக்கத்து இருக்கை மில்டனுக்கு.