கொசுவுக்கு வைத்த விருந்து

கொசு செத்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று முழுமனதாக நம்பியவன் நான். கொல்லிமலையில் பட்டாள டாக்டர்கள் மலேரியாவை ஆராய்ந்து படித்த பள்ளி அது. அவர்கள் படிப்புக்குக் கொசு வளர்ப்பது என் உத்தியோகம். பள்ளியை மூடலாமா என்று பார்க்க வெள்ளைக்காரத் துரை வந்த காலையில், கொசுக்கள் குளிரில் சுருண்டு கிடந்தன. சட்டையைக் கழற்றிவிட்டு என் ரத்தத்தையே விருந்து வைக்கக் கொசு அறைக்குள் போனேன். கதவு சாத்திக்கொள்ள, வெளித் தாழ்ப்பாள் தானே விழுந்துவிட்டது. என் சூட்டில் கொசுக்கள் தெளிந்து பந்திக்கு உட்கார்ந்தன.

நான் போட்ட கூச்சலில், தண்ணீர் கொண்டுவந்த மலைக்காரர் சன்னல் வலை வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ளார என்னங்க பண்றீங்க?"

"பள்ளிக்கூடத்தக் காப்பாத்தறேனுங்க! கதவத் தொறங்க!"

"இருங்க சாமி, தொரை போகட்டும். இந்தக் கோலத்துல உங்களப் பாத்தா இன்னைக்கே மூடிப்போடுவாருங்க."

துரை கொசு அறைப் பக்கமே வரவில்லை. போருக்குப் போகும் டாக்டர்களுக்கு மலேரியா கற்றுத்தர வேறு இடமில்லை என்று பள்ளியை மூடாமல் விட்டார்.