ஆர்வம் இல்லை என்று சொன்ன பெண்கள்

தரணிக்கு எண்களோடு மல்லுக்கட்டத் தெரியும், மனிதர்களோடு தெரியாது. வடமாலபேட்டையில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய், ஒரு சின்னக் கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிற பெண். அந்த வட்டாரத்து சாப்ட்வேர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் சனிக்கிழமை காலை பெண்களுக்கென்று ஒரு டெஸ்டிங் வகுப்பு, நடத்துகிறவள் அவள்தான். வாரம் முழுக்க அவள் மூச்சு விடுவதே அந்த நேரத்தில்தான், பாவம். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குப் பிறகும் வகுப்பை விடக்கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சங்கத் தலைவர் கோகுலகிருஷ்ணன் நல்ல மனிதர்தான். ஆனால் தும்மினாலும் சர்வே எடுக்கிற ஆள்.

"ஏன் வரலன்னு எல்லாரையும் கேட்டுடுவோம் தரணி. நேரம் சரியில்ல, பஸ் இல்லன்னா மாத்திக்கலாம். வேணாம்னு சொன்னா ஹாலை வேற பேட்ச்சுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

கேள்விகளைத் தரணியே எழுதினாள். சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போயின. பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பெண்கள் ஒருவர் விடாமல் பதில் சொல்லியிருந்தார்கள்! தரணி துள்ளிக் குதித்தாள். அப்புறம்தான் படித்தாள். நேரத்தில் குறையில்லை, பஸ்ஸில் குறையில்லை. பின்னே ஏன் வருவதில்லை? ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில்தான்: ஆர்வம் இல்லை.

சித்தூர் ரேஷ்மாவுமா? வகுப்பு முடிந்தும் எழுந்திருக்காமல், "இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குடு" என்று கையைப் பிடித்துக்கொள்கிறவளுக்கா ஆர்வம் இல்லை? பதில் வந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஆண் குரல்.

"ரேஷ்மா வூட்டுக்காரன் பேசறேன். சர்வேவா? நான்தான் போட்டேன். அவ சமைச்சிக்கினு இருந்தா, எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு."

தரணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் வழக்கம் அது. முகம் தெரியாத ஆண்கள் இருக்கிற குரூப்பில் பெண்பிள்ளை நம்பர் இருக்கலாமா? அப்பன் நம்பர், புருஷன் நம்பர், இல்லையென்றால் அண்ணன் நம்பர் கொடுப்பார்கள். தரணியும் அப்படித்தான் சேர்ந்தாள். பழகிப்போன விஷயம் எவள் கண்ணுக்குத் தெரிகிறது?

தலைவரிடம் ஓடினாள். "சார், பதில் சொன்னது பொண்ணுங்களே இல்ல. அவங்க வூட்டு ஆம்பிளைங்க."

"எல்லாருமேவா?"

"நேர்ல கேட்டுப் பாக்கலாம் சார்."

"வந்தாதானேம்மா கேக்கறதுக்கு?" கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "அதை விடு. நீயே ஆர்வம் இல்லன்னுதானே போட்டிருக்கே?"

"நான் போடவே இல்லையே சார்!"

அவர் லேப்டாப்பை மூடினார். அவளை நம்புகிற முகமாக அது இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா சடகோபன் முன்னால் போய் நின்றாள்.

"நைனா, சங்கத்துலேர்ந்து உன் போனுக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சே. நீ ஆபீஸ்ல இருந்தே. கண்ணாடி மாட்டிக்கினு ஒவ்வொண்ணா படிச்சி நானே போட்டுட்டேம்மா." முகமெல்லாம் பெருமை.

"ஆர்வம் இல்லன்னு ஏன் போட்டே?"

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கே போவ வேணாம்னு மாப்பிள வூட்ல சொல்லிட்டாங்க இல்ல? அப்புறம் எதுக்கு ஆர்வம்? ஏன், உங்கம்மா சொல்லலியா உன்கிட்ட?"

யாரும் சொல்லவில்லை. சர்வேக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை. என்ன அநியாயம் இது! கத்தவேண்டும் போல இருந்தது. அப்பாவின் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எந்த நம்பருக்கு வரும்? சடகோபன்தான் படித்துச் சொன்னார்.

"பொம்பளைங்க கிளாஸை நிறுத்திட்டாங்களாம்மா. கீழ கட்டைவிரல் பொம்மை இருந்துச்சி. உன் பேருக்கு நானே அழுத்திட்டேன்."