சூரியக் காற்றுக்குள் பூமி: வாலாஜாபாத் சாலையில் ஒரு சனிக்கிழமை

வாலாஜாபாத் சாலைக் கல்லூரியில் நான் சண்டை போட்டுவிட்டு வந்ததாக எங்கள் ஊர் செவிலிமேட்டில் பேச்சு. சண்டை போடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல், ஒரு கருத்தைச் சொன்னேன்.

போன காரணம் இது. கான்வென்ட்டில் படித்தபோது காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் விழும். பூமியின் காந்தப்புலமோ ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வால்போல் நீண்டிருப்பதாகச் செய்தித்தாளில் படம் போட்டிருந்தார்கள். அதை இந்தக் கல்லூரியில் கணினியில் உருவாக்கிக் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் சென்ற மாதம் கிளம்பிவிட்டேன், தனியாகத்தான். கணவர் காலமானதிலிருந்து எந்தப் பயணத்துக்கும் நான் துணை தேடியதில்லை.

காலை 8.40க்கு டவுன் பஸ்.

"ஆயா, லேடீஸுக்கு ஃப்ரீ. காச உள்ள வைங்க," என்றார் கண்டக்டர்.

"ஃப்ரீ சரி. ஆயா வேண்டாம்."

"யோவ், மேடத்துக்கு ஜன்னல் சீட்டு குடுங்கப்பா!"

பஸ்ஸே சிரித்தது. பேருந்து நிலையத்தில் வண்டி மாறி, 9.50க்குக் கல்லூரி வாசலில் இறங்கினேன்.

காட்டியவர் பிரேமா, தாமலிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் தம் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு ஓயாமல் வீசுகின்றன; சூரியக் காற்று என்பது இதுதான். அந்தப் புலத்தைப் பிரேமா திரையில் தெற்கு நோக்கித் திருப்பினார். சூரியனைப் பார்த்த முன்பக்கத்தில் பூமியின் காந்தக் கோடுகள் பிரிந்து, சூரியனுடைய கோடுகளோடு சேர்ந்து, பின்னால் அடித்துச் செல்லப்பட்டன. மின்புலம் எங்கே என்றேன். ஒரு பொத்தானைத் தட்டினார். நிறம் நிறமாகப் பரவியது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"இது நிஜமா, உங்க கணக்கா?"

"கணக்குதாம்மா. சாட்டிலைட் அளந்ததோட ஒத்துப் பாத்துக்கினே இருக்கோம். வால் பக்கம் எங்களுது தப்பா வருது, பாருங்க."

சிவப்புக் கோடு செயற்கைக்கோள் அளந்தது. நீலம் பிரேமாவின் கணக்கு. முன்பக்கத்தில் ஒட்டிச் சென்றவை வாலில் விலகிப்போயின. யாரும் கேட்காமல் அவரே அதைக் காட்டினார். அன்று நான் மிகவும் மதித்தது அதைத்தான்.

அப்போது துறைத்தலைவர் உள்ளே வந்தார். "ஏம்மா பிரேமா, வந்தவங்ககிட்ட போய் தப்ப காட்டிக்கினு இருக்கியே! அடுத்த வாரம் அந்தப் பக்கத்த எடுத்துடு."

"சார், அதத்தானே ராப்பகலா சரி பண்ணிக்கினு இருக்கேன்..." பிரேமாவின் குரல் இறங்கிவிட்டது.

"சார், மீதிப் படத்த நான் நம்புனதே இந்தப் பக்கத்தப் பாத்துதான்," என்றேன்.

"பாக்கலாம்மா," என்று போய்விட்டார். ஊர் சொல்லும் சண்டை இவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை 10 முதல் 1 வரை, கட்டணமில்லை. இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஏ.சி. குளிரும், சால்வை அவசியம். வால் பகுதியைக் கேட்டுப் பாருங்கள்.

துறைத்தலைவர் அவர்களுக்கு: அந்தப் பக்கம் காட்சியில் இருக்குமா, இருக்காதா? "பாக்கலாம்" என்பது பதிலாகாது. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.