லண்டன் வழி விமானம்

கனடாவில், நான் இருக்கும் கேல்கரியில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. மலைக்கு ஒன்றரை மணி, அக்கா வீட்டுக்கு மூன்று மணி என்பார்கள். வந்த புதிதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பூந்தமல்லி டிராஃபிக்கில் நேரத்தை நம்பி எவன் தூரம் சொல்வான்? ஆனால் "உன் ஊர் எவ்வளவு தூரம்?" என்று மேனேஜர் டக் கேட்டபோது நானும் இணையத்தில் பார்த்துப் பயண நேரத்தைத்தான் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு நாள். "அவ்வளவுதானா?" என்றார்.

போன மாசியில் ஆவடியிலிருந்து தங்கை புருஷன் பாஸ்கர் கூப்பிட்டான். "மச்சான், மாமாவுக்கு ரொம்ப முடில. ஆஸ்பத்திரில சேத்துகீறோம். ஒடனே கெளம்பி வா." எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தூரத்தில் இருப்பவனுக்கு எங்கள் வீட்டில் சாவை ஃபோனில் சொல்லமாட்டார்கள். வழியில் தனியாக அழுதுகொண்டு வரக்கூடாதென்று, முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் பள்ளியில் படித்தபோது, ஆரணியில் பெரியப்பாவுக்கு முடியவில்லை என்று அப்பாவின் தொழிற்சாலைக்குத் தகவல் வந்தது. அப்பா குவார்ட்டர்ஸுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு எங்களைப் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். பஸ் ஏறுமுன் மாலை வாங்கினார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. ஆரணியில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா போய்விட்டார் என்று டக்கிடம் சொன்னேன். ஃபோனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள் என்றேன். "அப்படியானால் உயிரோடு இருக்கிறார். இன்றைக்கே கிளம்பு." எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. பாவம், இவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே லண்டன் வழியாக ஒரு விமானம் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள், அடித்துப் பிடித்து ஓடி என்ன ஆகப்போகிறது என்று மறுநாளைக்குப் பதிவு செய்தேன். பாஸ்கருக்கு விமான எண்ணை மட்டும் அனுப்பினேன். அவனைக் கூப்பிட்டு இன்னொரு பொய் சொல்லவைப்பானேன் என்று விட்டுவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

மீனம்பாக்கத்தில் பாஸ்கர் காரோடு நின்றான். முகம் வீங்கியிருந்தது. பைபாஸ் ஏறியதும், "வானகரத்துல நிறுத்து, மாலை வாங்கிடலாம்" என்றேன். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ கூப்பிட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அன்னிக்கேவா? இன்னிக்கு விடிகாலைலதான் மச்சான் போனாரு. நேத்து பூரா உன்னதான் கேட்டுகினு இருந்தாரு. வந்துகினு கீறான், வந்துகினு கீறான்னு நாங்களும் சொல்லிகினே இருந்தோம்."

அவன் கூப்பிட்ட அன்று மாலையே விமானம் ஏறியிருந்தால் நேற்றுக் காலையே அவர் கட்டிலருகே நின்றிருப்பேன். மாலையை பாஸ்கர்தான் இறங்கி வாங்கி வந்தான். ஆவடி வரைக்கும் அது என் மடியில் இருந்தது.

திரும்பி வந்ததும் டக், "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா?" என்று கேட்டார். எரிப்பதற்குள் போய்விட்டேன் என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

இப்போது ஆவடி வீட்டிலிருந்து அம்மா வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் கீறேன்" என்கிறாள். டக்கைப் போல அதை அப்படியே நம்பப் பார்க்கிறேன். முடியவில்லை. அவள் பேசி முடிப்பதற்குள், அன்று மாலை லண்டன் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.