ஜெபத்துக்கு என்று சொன்னது

கண்ணாடிக் கடை அக்காவுக்குச் சபையில் ரேடியோ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். கடைக்கு வருகிறவரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்தி, காதுப் பக்கத்துத் திருகை இறுக்கி முடிப்பதற்குள் அவருடைய மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுவாள். கெட்டவள் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள் அவள்தான். வயிற்றில் எதுவும் தங்காது, அது ஒன்றுதான் குறை.

அப்படிப்பட்டவளுக்குச் சில மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரே மகள் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு காலை இவள் கிளம்பி நின்றால், அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். சண்டை போட்டாலாவது தேவலை. சாப்பிட்டேன், தூங்கறேன், படிக்கணும் என்பதற்கு மேல் வீட்டில் பேச்சே கிடையாது. கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

காரணம் தெரியாமல் இல்லை. ஒரு நாள் இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்று, "நான் ஜெபம் பண்றப்ப அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கும்மா" என்றாள். உட்காரவைத்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம். இவளா பேசுவாள்? அந்த வாரமே பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அதை ஜெப விண்ணப்பமாக வைத்துவிட்டாள்.

அந்தச் சபையில் அது ஒரு வழக்கம். வீட்டு விஷயத்தை வாசலில் நின்று சொன்னால் புறணி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் விண்ணப்பம். இப்படி எத்தனை வீட்டுச் சங்கதி ஊர் சுற்றியிருக்கிறது என்று சொல்லி மாளாது. அடுத்த ஞாயிறு, பாடகர் குழுவில் நின்றிருந்த மகளின் கையை ஒரு பெரியம்மா பாசமாகப் பிடித்துக்கொண்டு, உன் அவிசுவாசம் நீங்கணும்னு உபவாசம் இருக்கேன் கண்ணு என்றாள். மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அதோடு சரி, பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான், இளம்பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஆராயப் போதகர் ஒரு குழு போட்டார். நரையும் வழுக்கையுமாக ஏழு பேர். இளம்பிள்ளை ஒன்றுகூட இல்லை, அது யார் கண்ணிலும் படவுமில்லை. இவளையும் சேர்த்திருந்தார்கள். மகளைப் பறிகொடுத்தவள் என்ற தகுதிதான், வேறென்ன? டிரம்ஸ் வாங்கலாம் என்றார் பொருளாளர். பெரிய திரை, கலர் விளக்கு என்றார் இன்னொருவர். பிரசங்கத்தைக் குறைக்கலாம் என்று யாரோ மெல்ல ஆரம்பித்து, போதகர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். இவள் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக நெளிந்துகொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்தேவிட்டாள்.

"டிரம்ஸ் வாங்குங்க பாஸ்டர், நான் வேணாங்கல. ஆனா என் பொண்ணு பாட்டு பழசா இருக்குன்னு போகல. நம்பி என்கிட்ட ஒண்ணு சொன்னா. அத நான் இங்க கொண்டாந்து கொட்டிட்டேன். இங்க சொன்னா வெளிய போகாதுன்னு பிள்ளைங்களுக்கு முதல்ல நம்பிக்கை வரணும். மத்ததெல்லாம் அப்புறம்."

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது, நல்ல மனிதர். ஆனால் மனம் உருகினால் அவருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஜெபிப்போம் என்றார். ஏழு தலையும் குனிந்தன. இந்தத் தாயின் கண்ணீரைப் பாரும் ஆண்டவரே, விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் கிடக்கிற இந்த மகளை, என்று ஆரம்பித்து, அவளைப் பெயர் சொல்லியே ஒப்புக்கொடுக்கத் தொடங்கினார்.

இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போதகர் ஜெபிக்கும்போது நடுவில் யாரும் வாய் திறந்து இவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. "நிறுத்துங்க பாஸ்டர். அவ பேரு வேணாம்" என்றாள். எல்லாரும் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தார்கள். பொருளாளர் மட்டும் பழக்கதோஷத்தில் ஆமென் என்றார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்த மகளிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல், எழுந்து நின்றதிலிருந்து ஜெபத்தை நிறுத்தியது வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். உனக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன் பார் என்று முகமெல்லாம் பூரிப்பு. ஆமென் சொன்ன இடத்தில் மகளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அப்ப இன்னிக்கும் என்னப் பத்திதான் பேசினியாம்மா?"

உன் நல்லதுக்குத்தானே, சபை திருந்தட்டுமே என்று ஆயிரம் சமாதானம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே எதுன்னாலும் உனக்குத்தான் கடைசியா தெரியும்" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை.

"கடைசியாவாவது சொல்லுவியா?"

மகள் புத்தகத்தை மறுபடியும் விரித்துக்கொண்டாள். "பாக்கலாம்" என்றாள்.