யூட்ஸியின் இடது கால்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஹோம்ஸ் கவுண்டியில், எளிய வாழ்வையே நெறியாகக் கொண்ட ஆமிஷ் கிறிஸ்தவச் சபையாரிடையே, அலமாரி என்றால் ரோமன் கைம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தனியாளாய் அவர் தொடங்கிய தச்சுப்பட்டறையில் பின்னாளில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். நகரத்துச் சமையலறைகளுக்கெல்லாம் அவருடைய வால்நட் மர அலமாரிகள் போயின.

ஒரு வசந்தகாலத்தில் பிஷப் அப்னர் பட்டறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"ரோமன், ஒத்த ஆளு நிழல்ல நாப்பது குடும்பம் நிக்குது. அந்த நிழல்ல கிறிஸ்து கண்ணுக்குத் தெரியல. வித்துடு."

ரோமன் விற்றார். சபைக்குக் கீழ்ப்படிவேன் என்று ஞானஸ்நானத்தில் முழங்காலிட்டுக் கொடுத்த வாக்கில் விதிவிலக்கு ஏதும் இல்லை. வாங்கியது வெளியாட்களின் நிறுவனம். அறுவடை முடிவதற்குள் பட்டறை இருமடங்கானது. அதன் மேலாளராக அமர்ந்தவர் டெல்பர்ட் யூட்ஸி. ரோமனிடம் தொழில் கற்றவர், அப்னரின் மருமகன்.

இது மட்டும் சரியா என்று ரோமன் அப்னரிடம் போய்க் கேட்டார்.

"டெல்பர்ட் முதலாளி இல்லையே, சம்பளக்காரன்தானே," என்றார் அப்னர்.

வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி லொவைனா நிமிரவில்லை. "குதிரை அதேதான். கடிவாளம் இப்ப அவங்க வீட்டு ஆணியில தொங்குது. ஒப்புரவுக் கூட்டத்துல சொல்லிடுங்க."

"சொன்னா திருவிருந்து தள்ளிப்போகும்."

"போகட்டுமே. நீங்க மட்டும் வாயில மரத்தூளை அடைச்சுக்கிட்டு உக்காரணுமா?"

திருவிருந்துக்கு முன்பு, ஒப்புரவுக் கூட்டத்தில், கடவுளோடும் சபையோடும் சமாதானமா என்று ஒவ்வொருவரையும் கேட்பது அவர்கள் வழக்கம். ஒருவர் மறுத்தாலும், தீரும்வரை ஒருவருக்கும் அப்பமில்லை, திராட்சரசமில்லை.

கூட்டத்தன்று, சபை ஊழியரான டீக்கன் வரிசை வரிசையாகக் கேட்டு வந்தார். சொல்லவேண்டியவற்றை ரோமன் ஒன்றன்பின் ஒன்றாக மனத்தில் அடுக்கியிருந்தார். முறை வந்தபோது உள்ளே கோபத்தைத் தேடினார். பிறகு விசுவாசத்தைத் தேடினார். மரத்துப்போன கையால் பையைத் துழாவுவது போலிருந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"சமாதானம்தான்," என்றார்.

திருவிருந்து நாளில், உட்கார்ந்த வரிசைப்படி இருவர் இருவராக, ஒருவர் காலை மற்றவர் கழுவும் சடங்குக்கு எழுந்தார்கள். இணையைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. ரோமனுக்கு எதிரே டெல்பர்ட் வந்து நின்று காலுறையைக் கழற்றினார்.

இடது பாதத்தில் அந்தத் தழும்பு இருந்தது. தொழில் கற்க வந்த முதல் வருடம், வெறுங்காலில் உளி விழுந்த இடம். அன்று ரோமன் தம் சட்டைக் கையைக் கிழித்துக் கட்டினார்.

"மெதுவா குனிங்க, உங்க முட்டி தாங்காது," என்று டெல்பர்ட் முணுமுணுத்தார். சற்றுக் கழித்து, "தண்ணி ஆறிப்போச்சா?" என்றார்.

"தெரியல."

காலைக் கழுவி முடித்து, ரோமன் துண்டை எடுத்தார். அரக்குப் பூசுமுன் பலகையைத் துடைப்பதுபோல, மரவரி ஓடும் திசையிலேயே, தழும்பின் மேல் ஒருமுறை துடைத்தார். எழுந்து, சபை முறைப்படி அவரை முத்தமிட்டு, "கர்த்தர் நம்மோடு இருப்பாராக," என்றார்.

"ஆமென்," என்றார் டெல்பர்ட், "சமாதானத்தோடே."

பிறகு ரோமன் பெஞ்சில் அமர்ந்து, தம் காலை நீட்டினார்.